ஓடுபவர் ஒருவர், வழி திறப்பவர் பத்துப் பேர்

1998 ஜனவரி 25. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் சூப்பர் பவுல் இறுதியாட்டம். ஒரு பக்கம் நடப்பு வெற்றியாளர் கிரீன் பே பேக்கர்ஸ். மறுபக்கம், அதுவரை ஒருமுறைகூட வெற்றிக் கிண்ணத்தைத் தொட்டிராத டென்வர் பிராங்கோஸ். முதல் கால்பகுதி முடியும் நேரத்தில் டென்வரின் நட்சத்திர ஓட்டக்காரர் டெரல் டேவிஸை ஒற்றைத் தலைவலி தாக்கியது. கண்பார்வை மங்கி, எதிரே இருப்பது தெரியாத நிலை.

அந்த நேரத்தில் டென்வர் குழு எல்லைக் கோட்டிலிருந்து ஒரே ஒரு கெஜ தூரத்தில் நின்றது. பயிற்றுநர் மைக் ஷானஹன் டேவிஸைத் திடலுக்குள் போகச் சொன்னார். பந்து அவர் கைக்கு வராது. ஆனால் அவர் அங்கே நின்றால்தான் டென்வர் ஓடப்போகிறது என்று எதிரணி நம்பும். டேவிஸ் போனார். குவாட்டர்பேக் ஜான் எல்வே அவரிடம் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை செய்தார். பேக்கர்ஸ் வீரர்கள் டேவிஸைச் சூழ்ந்தார்கள். எல்வே பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓரமாக ஓடி எல்லைக் கோட்டைக் கடந்தார். டச்டவுன்!

அமெரிக்கக் காற்பந்தை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் நான் இந்த ஒரு காட்சியிலிருந்துதான் தொடங்குவேன். ஓட்டம் என்பது கால்களின் பலம் மட்டுமன்று. திட்டத்தின் பலமும்கூட என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

நம் வட்டாரத்தில் காற்பந்து என்றால் உருண்டைப் பந்துதான். சூப்பர் பவுல் நமக்குத் திங்கட்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வருகிறது. எட்டிப் பார்த்த நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “எல்லாரும் மோதி விழுகிறார்களே, இதில் என்ன விளையாட்டு இருக்கிறது?” அந்த மோதலுக்குள் இருக்கும் கணக்கைப் புரிந்துகொண்டால், பிறகு கண்ணை எடுக்க முடியாது.

9 பேரா, 11 பேரா?

அடிப்படை எளிது. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் குழுவுக்கு 4 வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம், ஏறக்குறைய 9 மீட்டர், முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்புகள். பந்தை எறிந்தும் முன்னேறலாம், கையில் ஏந்தி ஓடியும் முன்னேறலாம். ஓட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 4 கெஜத்துக்கு மேல் கிடைத்தால் நல்லது. 5 கிடைத்தால் கொண்டாட்டம்.

இங்கேதான் சிக்கல். பந்தை ஏந்தி ஓடுபவரால் தனக்காக யாரையும் தடுத்து நிறுத்த முடியாது. பந்தை அவரிடம் கொடுத்துவிட்ட குவாட்டர்பேக்கும் பெரும்பாலும் தடுப்பு வேலை செய்வதில்லை. மிஞ்சுவது 9 பேர். ஆனால் எதிரே 11 பேரும் ஓடுபவரைப் பிடிக்க வரலாம். எவ்வளவு பலசாலிகளைச் சேர்த்தாலும் இந்த 2 ஆள் குறை அப்படியே இருக்கும்.

அந்தக் குறையை ஈடுகட்டுவதுதான் ஆட்ட வியூகத்தின் முதல் வேலை. பந்தைப் பிடிக்கும் வீரர்களைத் திடலின் ஓரங்களில் நிறுத்தினால், அவர்களைக் காவல் காக்க எதிரணியும் ஆள் அனுப்பியாக வேண்டும். நடுவில் கூட்டம் குறையும். குவாட்டர்பேக் தானே பந்தோடு ஓடிவிடுவாரோ என்ற அச்சத்தை உண்டாக்கினால், எதிரணியில் ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த ஒருவரை யாரும் தொடவில்லை. ஆனாலும் அவர் தடுக்கப்பட்டவர்தான். எல்வேயின் பாவனை செய்த வேலையும் அதுதான்.

எல்லாரும் ஒரே திசையில்

டென்வரின் ஓட்டத்தை வடிவமைத்ததில் ஷானஹனுக்கு வலக்கையாக இருந்தவர் அலெக்ஸ் கிப்ஸ். 1995இல் முன்வரிசை வீரர்களின் பயிற்றுநராக அங்கே பொறுப்பேற்றார். முன்வரிசையில் நிற்கும் ஐவர்தான் வழி திறப்பவர்கள். பழைய முறையில் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிரி குறிக்கப்பட்டிருப்பார். ஓட்டக்காரர் எந்த இடைவெளியில் நுழைய வேண்டும் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். பந்து நகரும் முன் எதிரணி கொஞ்சம் இடம் மாறி நின்றாலே கணக்கு குழம்பிவிடும்.

கிப்ஸ் வளர்த்தெடுத்த முறைக்கு ‘ஸோன் பிளாக்கிங்’ என்று பெயர். அவர் கண்டுபிடித்ததன்று, ஆனால் அவரளவுக்கு அதைக் கூர்தீட்டியவர்கள் குறைவு. இதில் ஆளுக்கு ஆள் என்ற கணக்கு இல்லை. ஆளுக்கு ஓர் இடம். ஐவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாக அடியெடுத்து வைப்பார்கள். தன் இடத்துக்குள் யார் வந்தாலும் தடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஒருவரை நெட்டித் தள்ளிவிட்டு, இருவரில் ஒருவர் அடுத்த வரிசை எதிரியைத் தேடிப் போவார்.

ஐவரும் வலப்பக்கம் நகர்ந்தால் எதிரணியும் வலப்பக்கம் ஓடித்தான் ஆக வேண்டும். அத்தனை பேர் பக்கவாட்டில் ஓடும்போது எங்காவது ஓரிடத்தில் விரிசல் விழும். எங்கே என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. பத்துமலையில் தைப்பூசக் கூட்டத்துக்குள் காவடிக்கு வழிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கூடவே நடப்பவர்கள் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டே போவார்கள். எந்த இடத்தில் வழி பிறக்கும் என்பது அந்த நொடியில்தான் தெரியும். அதுபோலத்தான் இதுவும்.

ஓட்டக்காரருக்குக் கிப்ஸ் முறை விட்டுவைத்த தேர்வுகள் மூன்றே மூன்று. ஓரமாகச் சுற்றிப் போ, நடுவில் நுழை, அல்லது எல்லாரும் ஓடும் திசைக்கு எதிராகத் திரும்பிப் பின்பக்கம் வெட்டு. திசை மாற்றுவதும் ஒரே ஒரு முறைதான். நின்று நிதானித்து, ஆடி அசைந்து வழி தேடக் கூடாது. பார், வெட்டு, ஓடு.

இதன் அழகு எதிரணியின் தவிப்பில் இருக்கிறது. அவர்கள் வேகமாகப் பக்கவாட்டில் ஓடினால் பின்னால் வழி திறக்கிறது. தயங்கி நின்றால் ஓரம் திறக்கிறது. பின்பக்கம் கடைசியில் நிற்பவர் துரத்தி வரலாம் என்று பார்த்தால், எல்வே பந்தோடு தன் பக்கமாக வந்துவிடுவாரோ என்ற பயம். ஓட்டமும் எறிதலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் தொடங்கும். எதைச் செய்தாலும் தவறாகிப்போகும் நிலைக்கு எதிரியைக் கொண்டு நிறுத்துவதுதான் நல்ல வியூகம்.

இதற்கு மலைபோன்ற ஆள்கள் தேவையில்லை. டென்வரின் முன்வரிசை, லீக்கிலேயே எடை குறைந்த முன்வரிசைகளில் ஒன்று. எடையைவிட வேகமும் ஒரே தாளத்தில் நகரும் பழக்கமும்தான் முக்கியம். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: எதிராளியின் கால்களுக்குக் குறுக்கே பாய்ந்து வீழ்த்தும் உத்தியும் இந்த முறையின் பகுதி. முழங்கால் போய்விடும் என்று மற்றக் குழுக்கள் கொதித்தன. இடுப்புக்குக் கீழே தடுப்பது பற்றிய விதிகள் பின்னாளில் படிப்படியாக இறுக்கப்பட்டன.

ஆள் மாறினார், ஓட்டம் மாறவில்லை

டேவிஸ் 1995இல் ஆறாவது சுற்றில், 196ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பெரிதாக யாரும் எதிர்பார்க்காத அவர், 1998 பருவத்தில் 2,008 கெஜம் ஓடி லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அடுத்த பருவத்தின் நான்காவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதன்பின் அவர் பழைய டேவிஸாக இல்லை.

டென்வரின் ஓட்டம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே 1999இல் புதுமுகம் ஒலாண்டிஸ் கேரி 1,159 கெஜம் ஓடினார். 2000இல், அமெரிக்கக் கடற்படைப் பிரிவான மரீன் படையில் பணியாற்றிவிட்டு வந்த மைக் ஆண்டர்சன் 1,487 கெஜம். இவரும் ஆறாவது சுற்றில் வந்தவர். 2002இல் கிளின்டன் போர்ட்டிஸ் 1,508. மறு ஆண்டு 1,591. போர்ட்டிஸ் வாஷிங்டனுக்குப் போனபிறகு, 2004இல் ரூபன் டிரவுன்ஸ் 1,240.

வாஷிங்டன் போன போர்ட்டிஸுக்கு என்ன ஆனது? டென்வரில் அவர் ஓட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 5.5 கெஜம் எடுத்தார். புதிய குழுவில் முதல் ஆண்டு 3.8 மட்டுமே. ஆள் அதே ஆள். கால்கள் அதே கால்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: டென்வரில் யார் வேண்டுமானாலும் ஓடலாம்! அந்த முடிவுக்கு விலை கொடுத்தவர் டேவிஸ். புகழ்மண்டபத்துக்கு அவர் 2007இலேயே தகுதி பெற்றார். கதவு திறந்தது 2017இல். காயத்தால் ஆட்ட வாழ்க்கை சுருங்கியது ஒரு காரணம். பெருமை முழுவதும் வியூகத்துக்கே என்ற பேச்சு இன்னொன்று.

அப்படியானால் ஓட்டக்காரர் எதற்கு?

இந்தக் கேள்வி இன்றும் பலருடைய சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. வியூகம் இருந்தால் எவரும் ஓடலாம் என்றால், ஓட்டக்காரருக்கு ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டும் என்று குழுக்கள் யோசிக்கத் தொடங்கின. 2023இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் குழுவின் சாக்குவான் பார்க்லியால் நீண்டகால ஒப்பந்தம் பெற முடியவில்லை. அந்தப் பருவம் அவர் ஓடியது 962 கெஜம், சராசரி 3.9. மறு ஆண்டு பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு மாறினார். 2,005 கெஜம், சராசரி 5.8.

ஈகிள்ஸ் குழுவில் அவருக்குக் கிடைத்தவை என்ன? வலுவான முன்வரிசை, பந்தோடு தானே ஓடக்கூடிய குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். ஹர்ட்ஸைக் கண்காணிக்க ஒருவர் நின்றாக வேண்டும். பழைய 9-11 கணக்கு அங்கேயே சரியாகத் தொடங்குகிறது.

இதை வைத்து, பார்க்லி சும்மா வந்து ஓடினார் என்று சொல்லிவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. டென்வரின் பட்டியலை மறுபடியும் பாருங்கள். டேவிஸுக்குப் பின்வந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். எவரும் 2,000ஐத் தொடவில்லை. அழுத்தம் மிகுந்த பிந்திய சுற்றுகளில் டேவிஸ் ஆடியது 8 ஆட்டங்கள். அவற்றில் 1,140 கெஜம். போர்ட்டிஸும் வாஷிங்டனில் இரண்டாம் ஆண்டே 1,516 கெஜம் ஓடிக் காட்டினார். வியூகம் ஒரு குழு எவ்வளவு கீழே போகலாம் என்பதற்குத் தடுப்புச் சுவர் கட்டுகிறது. எவ்வளவு உயரம் போகலாம் என்பதை ஓடுபவர்தான் முடிவு செய்கிறார்.

அலுவலகத்தில் ஆண்டிறுதி மதிப்பீட்டுக் கூட்டங்களில் உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த விவாதம் நினைவுக்கு வரும். நல்ல ஏற்பாட்டுக்குள் வந்து சாதித்தவரைப் பார்த்து, “அந்த இடத்தில் யார் இருந்தாலும் செய்திருப்பார்கள்” என்கிறோம். ஏற்பாடே இல்லாத இடத்தில் தடுமாறுபவரைப் பார்த்து, “திறமை போதாது” என்கிறோம். இரண்டிலும் ஆளை மட்டும் பார்க்கிறோம். அவர் முன்னால் வழி இருந்ததா என்று பார்ப்பதில்லை. வழி அமைத்தவர்களையும் மறந்துவிடுகிறோம். கிப்ஸின் முன்வரிசை வீரர்கள் செய்தியாளர்களிடம் பேசுவதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடே வைத்திருந்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோன்ற வேலை. தேரில் இருப்பவரைத்தான் எல்லாரும் கும்பிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2025 பிப்ரவரி 9 சூப்பர் பவுலில் பார்க்லி ஓடியது 57 கெஜம் மட்டுமே. அன்று அவருக்குப் பிறந்தநாளும்கூட. கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் குழு அவரைக் கட்டிப்போடுவதில் குறியாக இருந்தது. ஹர்ட்ஸ் எறிந்தார், ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது. அந்த 57ஐ மட்டும் பார்ப்பவருக்கு அது ஒரு சாதாரண நாள். எதிரணியில் எத்தனை பேரின் கண்கள் அவர்மேல் இருந்தன என்று எண்ணிப் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது.

அடுத்த முறை இந்த ஆட்டம் தொலைக்காட்சியில் வந்தால், முதல் இரண்டு நொடிகள் பந்தைப் பார்க்காதீர்கள். முன்வரிசை ஐவர் எந்தப் பக்கம் அடியெடுத்து வைக்கிறார்கள், எதிரணியில் யார் தயங்குகிறார் என்று பாருங்கள். பந்து எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.