எலும்பில் கட்டி: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

28 வயது இளைஞர் ஒருவருக்கு முழங்காலில் வலி என்று வைத்துக்கொள்வோம். பந்து விளையாடியதில் சுளுக்கிக்கொண்டது என்று எண்ணி, வீட்டில் எண்ணெய் தேய்த்து நீவி விடுகிறார்கள். சுளுக்கு எடுப்பவரிடமும் நான்கைந்து முறை போய் வருகிறார். வலி குறையவில்லை. மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தபோது, மூட்டை ஒட்டிய எலும்பு கரைந்திருப்பது தெரிகிறது. 'டியூமர்' என்கிறார் டாக்டர். குடும்பமே ஆடிப்போகிறது. பெரிய மருத்துவமனையில் திசுச் சோதனை செய்து, இது புற்றுநோய் அல்ல என்று சொன்னதும் எல்லாருக்கும் நிம்மதி. "அப்படியானால் தீபாவளி முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

எலும்புக் கட்டி விஷயத்தில் பலரும் செய்யும் இரண்டு தவறுகளும் இதில் அடங்கியுள்ளன. கட்டி என்றதும் காலையே வெட்டிவிடுவார்கள் என்று பயப்படுவது ஒன்று. புற்றுநோய் இல்லை என்றதும் அலட்சியமாக இருந்துவிடுவது மற்றொன்று.

மூன்று குணங்கள்

தீங்கற்ற கட்டி என்றால் பொதுவாக மற்ற உறுப்புகளுக்குப் பரவி உயிரைப் பறிக்காதது என்று பொருள். ஆனால், இருக்கும் இடத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது கட்டிக்குக் கட்டி வேறுபடும். அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் வில்லியம் எனெக்கிங் இவற்றை மூன்று நிலைகளாகப் பிரித்தார். முதலாவது, உறங்கிக் கிடப்பது. இரண்டாவது, மெல்ல வளர்வது. மூன்றாவது, எலும்பைத் தின்று அதன் ஓட்டையும் உடைத்துக்கொண்டு வெளியே வருவது. எந்த அளவுக்கு அறுவை தேவை என்பதை முடிவு செய்ய மருத்துவர்கள் இன்றும் இந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறார்கள்.

கத்தி தேவைப்படாதவை

பிள்ளை கீழே விழுந்ததற்காக எக்ஸ்ரே எடுக்கும்போது, எலும்பின் ஓரத்தில் சிறு வெற்றிடம் போல ஒன்று தற்செயலாகத் தென்படுவது உண்டு. எலும்பாக மாறாத நார்க்கட்டி இந்த வகையைச் சேர்ந்தது. பிள்ளை வளர வளர அது தானாகவே நிரம்பி மறைந்துவிடும். பெரிதாகி எலும்பு முறியும் அபாயம் இருந்தால் தவிர, அதைத் தொட வேண்டியதில்லை.

தீங்கற்ற எலும்புக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது ஆஸ்டியோகாண்ட்ரோமா. முழங்கால் அருகிலோ தோள் அருகிலோ எலும்பிலிருந்து முளைவிட்டதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் உச்சியில் குருத்தெலும்புத் தொப்பி ஒன்று இருக்கும். பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்து, உடல் வளர்ச்சி நிற்கும்போது இதுவும் நின்றுவிடும். நரம்பையோ இரத்தக் குழாயையோ அழுத்தினால், நடக்கத் தடையாக இருந்தால் அகற்றலாம். அகற்றும்போது தொப்பி முழுவதையும் எடுத்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் மீண்டும் முளைக்கக்கூடும். வளர்ச்சி நின்ற பிறகும் பெரிதாகிக்கொண்டே போனால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அபூர்வமாக அது புற்றுநோயாக மாறுவதுண்டு.

இரவில் வரும் வலி

ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்பது பெரும்பாலும் பயறு அளவே இருக்கும். ஆனால், அது கொடுக்கும் வலியோ தூக்கத்தையே கெடுத்துவிடும். இரவில் அதிகமாகும் இந்த வலி, ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளுக்குச் சட்டென்று அடங்குவது ஓர் அடையாளம். (பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது.)

முன்பு இதற்காக எலும்பில் ஒரு துண்டையே வெட்டி எடுத்தார்கள். இப்போது சி.டி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஓர் ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலைகளால் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் வெப்பமூட்டிச் சில நிமிடங்களில் கருக்கிவிடுகிறார்கள். 1990களில் பரவத் தொடங்கிய இந்த முறையில் பெரிய தழும்பு இல்லை. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகிறார்கள்.

சுரண்டி எடுக்கும் சிகிச்சை

மேலே சொன்ன இளைஞருக்கு வந்தது ஜயண்ட் செல் டியூமர். பொதுவாக 20 முதல் 40 வயதுக்குள் உள்ளவர்களுக்கு, முழங்கால் மூட்டை ஒட்டியோ மணிக்கட்டிலோ வரும். புற்றுநோய் அல்ல என்றாலும் எலும்பை வேகமாக அரிக்கும். மிகச் சிலருக்கு நுரையீரலிலும் தோன்றலாம்.

இதற்கான அறுவை சிகிச்சையில் முதலில் எலும்பில் தாராளமாக ஒரு வாசல் திறக்கப்படுகிறது. சிறு துளை போட்டால் மூலை முடுக்குகள் கண்ணுக்குத் தெரியாது. கரண்டி போன்ற கருவியால் கட்டி சுரண்டி எடுக்கப்படுகிறது. பிறகு, வேகமாகச் சுழலும் கருவியால் குழியின் சுவர்கள் கடைந்து சுத்தம் செய்யப்படுகின்றன. ஒளிந்திருக்கும் அணுக்களை அழிக்க ஃபீனால் மருந்தோ திரவ நைட்ரஜனோ பயன்படுத்துவதும் உண்டு. வெறுமனே சுரண்டிவிட்டு மூடினால் கட்டி திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால்தான் இத்தனை ஏற்பாடு.

காலியான குழியை எலும்புச் சிமெண்டால் நிரப்பலாம். சிமெண்ட் உடனே இறுகிவிடுவதால் நோயாளி சீக்கிரமே காலை ஊன்ற முடியும். பின்னர் கட்டி திரும்பினால், எக்ஸ்ரேயில் வெள்ளைச் சிமெண்டின் ஓரத்தில் அது கருமையாகத் தெரிந்துவிடும். சிமெண்டுக்குப் பதிலாக நோயாளியின் இடுப்பு எலும்பிலிருந்தோ, தானமாகக் கிடைத்த எலும்பிலிருந்தோ எடுத்து நிரப்புவதும் உண்டு. இத்தகைய தான எலும்புகளைப் பதப்படுத்தித் தரும் திசு வங்கி கிளந்தான், குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

2013இல் அமெரிக்காவில் இந்தக் கட்டிக்கு டெனோசுமாப் என்ற ஊசி மருந்து அனுமதிக்கப்பட்டது. கட்டியை அடக்க அது உதவுகிறது. ஆனால், மருந்தை நிறுத்தினால் கட்டி மீண்டும் தலைதூக்கலாம். ஆகவே, அறுவை செய்யக்கூடிய இடத்தில் அறுவையே முதன்மையான சிகிச்சை.

தள்ளிப்போட்டால்?

எலும்பின் ஓடு உடையாமல் இருக்கும்போது வந்தால் சுரண்டி எடுத்து, சொந்த மூட்டையே காப்பாற்றலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் எலும்பு முறியலாம், மூட்டும் சிதையலாம். அப்போது எலும்பின் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க நேரிடும். 28 வயதில் வைக்கும் செயற்கை மூட்டு, ஆயுள் முழுவதும் உழைக்காது. பின்னாளில் மாற்ற வேண்டி வரும். மணிக்கட்டில் வந்தால், காலிலுள்ள மெல்லிய எலும்பை எடுத்து அங்கே பொருத்துவதும் உண்டு.

எலும்பு வலுவிழந்திருக்கும்போது அழுத்தி நீவுவது எலும்பு முறியவே வழிவகுக்கும். திசுச் சோதனையையும் அறுவை செய்யப்போகும் மருத்துவமனையிலேயே செய்துகொள்வது நல்லது. தவறான இடத்தில் கீறினால் கட்டியின் அணுக்கள் சுற்றிலும் சிந்தி, அடுத்த அறுவையைச் சிக்கலாக்கிவிடும்.

எப்போது டாக்டரைப் பார்ப்பது?

சில வாரங்களாகியும் அடங்காத வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வளர்ந்துகொண்டே போகும் வீக்கம், சிறு அடிக்கே எலும்பு முறிவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். கட்டி என்று தெரிந்தால், "இது எந்த நிலையில் இருக்கிறது? கண்காணித்தால் போதுமா? எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

அறுவை முடிந்த பிறகும் கடமை முடிந்துவிடாது. ஜயண்ட் செல் டியூமர் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். வலி இல்லை என்பதற்காக மறுபரிசோதனையைத் தவறவிடக்கூடாது. தீபாவளி அடுத்த ஆண்டும் வரும். இழந்த மூட்டு திரும்பி வராது.