எடை குறைந்தாலும் எண்ணிக்கை குறையாது... கொழுப்பு செல் பிறப்பது எப்படி?

‘கஷ்டப்பட்டு டயட் இருந்து குறைச்ச எடை, ஆறே மாசத்துல திரும்ப வந்துடுச்சு!’ - இந்தப் புலம்பல் கேட்காத வீடு குறைவு. ஏன் இப்படி என்பதற்கான பதிலில் ஒரு பகுதி, கொழுப்பு செல் உருவாகும் விதத்தில் இருக்கிறது. அதை விஞ்ஞானிகள் ஆய்வகத்திலேயே நடத்திப் பார்க்கிறார்கள்.

லைப்போசக்‌ஷன் சிகிச்சையில் உறிஞ்சி எடுக்கப்படும் கொழுப்புக்குள், இன்னும் எந்த வேலையையும் ஏற்காத இளம் செல்கள் இருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து, பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பார்கள். இன்சுலின், டெக்ஸாமெத்தசோன் உள்ளிட்டவை கலந்த திரவத்தை ஊற்றினால் மாற்றம் தொடங்கும். ஒல்லியாக, நீளமாக இருந்த செல்கள், ஏறக்குறைய இரண்டு வாரங்களில் உருண்டு திரண்டு, உள்ளே எண்ணெய்த் துளிகளைச் சேர்த்துவிடும்.

யார் போடும் ஸ்விட்ச்?

நம் செல்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். எது ‘ஆன்’, எது ‘ஆஃப்’ என்பதில்தான் வித்தியாசம். ஒரு மரபணு வேலை செய்யும்போது ஆர்.என்.ஏ நகல் உருவாகும். வெவ்வேறு நாள்களில் செல்களை எடுத்து, அந்த நகல்களை அளந்தால் எந்த ஸ்விட்ச் எப்போது விழுந்தது எனத் தெரிந்துவிடும்.

முதலில் விழித்துக்கொள்பவை சி/ஈ.பி.பி வகை மரபணுக்கள் சில. அவை எழுப்பிவிடும் தலைமை மரபணுவின் பெயர், பி.பி.ஏ.ஆர் காமா. 1994-ல் அமெரிக்காவின் புரூஸ் ஸ்பீகல்மேன் குழுவினர், இதைச் சாதாரண இணைப்புத்திசு செல்களுக்குள் செலுத்தினார்கள். அவை கொழுப்பு செல்களாகவே மாறின! இது ‘ஆன்’ ஆனதும், கொழுப்பை உள்ளே இழுக்கும், சேமிக்கும் மரபணுக்கள் வரிசையாக வேலையைத் தொடங்கும். அடிபோனெக்டின், லெப்டின் ஆகிய ஹார்மோன்களும் சுரக்கும்.

கொழுப்பு செல் வில்லனா?

இல்லை. பி.பி.ஏ.ஆர் காமா பழுதாகப் பிறக்கும் அரிதான சிலருக்கு, கை கால்களில் கொழுப்பு குறைவாகவே சேரும். ஆனால், சர்க்கரை நோய் வரும். பாதுகாப்பாகச் சேமிக்க இடமில்லாத கொழுப்பு, கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிவதே காரணம். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் பயோகிளிட்டசோன் மாத்திரை, இதே பி.பி.ஏ.ஆர் காமாவைத் தூண்டித்தான் இன்சுலினை நன்றாக வேலை செய்யவைக்கிறது. அதனால்தான் சிலருக்கு எடையும் கூடுகிறது.

சரி, குறைத்த எடை ஏன் திரும்புகிறது? ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கொழுப்பு செல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குழந்தைப்பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் முடிவாகிவிடுகிறது. பெரியவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 10% செல்கள் இறக்க, அதே அளவு புதியவை பிறக்கின்றன. எடை குறைந்தால் செல்கள் சுருங்குமே தவிர, எண்ணிக்கை குறைவதில்லை. சுருங்கிய செல்கள் லெப்டினைக் குறைவாகச் சுரக்கும். மூளை அதைப் பட்டினியாக எடுத்துக்கொண்டு பசியைத் தூண்டும்.

எனவே, எடை திரும்பினால் ‘மனஉறுதி இல்லை’ என்று யாரையும் குறை சொல்ல வேண்டாம். பள்ளி செல்லும் பிள்ளைகளின் தட்டிலும் விளையாட்டு நேரத்திலும் இப்போதே அக்கறை காட்டினால், பிற்காலத்தில் அவர்களின் போராட்டம் கொஞ்சம் சுலபமாகும்!