கண் அயரும்போது தூக்கிப்போடுகிறதா?

நித்திரை கண்ணைச் செருகும் நேரம். படியொன்றைத் தவறவிட்டதுபோல் கால் சட்டென உதறும்; உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும்; நெஞ்சு படபடக்கும். பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு எப்போதாவது இது நேர்கிறது. வலிப்போ என்று பயப்படுவோர் பலர். பேய் அமுக்கியது என்பார்களே, அது வேறு சங்கதி. அதில் உடம்பு அசையவே மறுக்கும். இதில் கேளாமலே அசையும்.

மூளைக்குள் நடப்பது

விழிப்பைக் காக்கும் மூளைத்தண்டின் நரம்பு வலை ஒரேயடியாக அணைவதில்லை. அது அடங்கும் இடைவெளியில் தவறிப் பாயும் ஒரு சமிக்ஞை தசைகளை உதறச் செய்கிறது என்பதே பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வியர் மிச்செல் 1890இலேயே இதைப் பற்றி எழுதினார். 1959இல் இயன் ஒஸ்வால்ட் மூளை அலைப் பதிவுகளோடு ஆராய்ந்தார். மரக்கிளையில் உறங்கிய மூதாதையர் விழாமலிருக்க வந்த பழக்கம் என்றொரு கதையும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, சான்றுதான் இல்லை.

நித்திரைக் குறைவு, மனப்பதற்றம், புகைத்தல், இரவில் கடும் உடலுழைப்பு எல்லாம் இதைக் கூட்டும். பின்னேரத் தேத்தண்ணியும் கோப்பியும் அப்படியே. குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் பலருக்கு உடம்பிலேயே இருக்கும்.

தெல்லிப்பழையில் இன்னொரு திடுக்கம்

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் இரவுத் திடுக்கத்தை அதோடு விட்டுவிட முடியாது. இவ்வூர் அடங்கிய வலிகாமம் வடக்கு மக்கள் உள்நாட்டுப் போரால் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். பலர் ஊர் திரும்ப இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. போர் முடிந்த 2009இல் யாழ். மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2011இல் வெளியானது. ஆய்வில் பங்கேற்றவர்களில் 32.6 சதவீதத்தினரிடம் பதற்ற அறிகுறிகளும், 22.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும், 7 சதவீதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு அறிகுறிகளும் தென்பட்டன.

மனவடு உள்ளவர், கோயில் வெடிச்சத்தத்துக்கும் பகலிலேயே வெருளுவார்; கெட்ட கனவில் அலறி எழும்புவார்; நித்திரைக்குப் போகவே அஞ்சுவார். இவர் "நரம்புத் தளர்ச்சி" என்று சத்து மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பதால் பயனில்லை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலேயே மனநலப் பிரிவு உண்டு. போரின் மனக்காயங்களைப் பற்றி எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் பணியாற்றிய இடம் அது.

எப்போது வைத்தியரிடம் போவது?

கண் அயரும்போது ஓரிரு உதறல் மட்டுமென்றால் பரிசோதனையே தேவையில்லை. ஆனால் பதின்ம வயதினர் காலையில் எழுந்ததும் கைகள் வெட்டி, தேத்தண்ணிக் கோப்பையை நழுவவிட்டால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். படுத்ததும் காலை ஆட்டாமல் இருக்க முடியாத உளைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாகலாம். நித்திரையில் கால்கள் அரை நிமிடத்துக்கு ஒருதரம் தொடர்ந்து உதறினாலும், நாக்கைக் கடித்தாலும், படுக்கையிலேயே சிறுநீர் போனாலும் வைத்தியரைப் பார்க்கவேண்டும்.

மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் உதறலைக் கூட்டும். அதற்காகத் தாமாக நிறுத்தாமல், தந்த வைத்தியரிடமே சொல்லவேண்டும். போகும்போது, வீட்டார் கைபேசியில் எடுத்த உதறலின் காணொளி இருந்தால் கொண்டுபோகலாம். நித்திரையில் நடந்ததை நோயாளியால் விவரிக்க முடியாது. வைத்தியருக்கு அந்தப் பதிவு பெரிய உதவி.