பொறியியல் படிப்பை விடுவதா, தொடர்வதா?

பிள்ளை பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகி விட்டாள் என்றால் எங்கள் ஊரில் அது ஒரு திருவிழா. கோயிலில் பொங்கல் நடக்கும், பள்ளிக்கூட மதிலில் படம் தொங்கும். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை விடுதியில் இருந்து தொலைபேசி எடுத்து, "அம்மா, என்னால ஏலாது, நான் வீட்ட வரப்போறன்" என்று அழும்போது என்ன சொல்வதென்று தாய்க்குத் தெரிவதில்லை. கணவனை இழந்து, தனியே நின்று படிப்பித்த தாய் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி அழுத பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இப்போது படிப்பை முடித்து வேலை பார்க்கிறேன். அதே நிலையில் இருக்கும் பிள்ளைகளின் தாய்மார் பலர் என்னிடம் விசாரிப்பதால் இதை எழுதுகிறேன்.

2009 இல் எனக்கு 11 வயது. செட்டிகுளம் முகாமில் இருந்தோம். அப்பா எங்களோடு வந்து சேரவில்லை. ஊர் திரும்பிய பிறகு அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து என்னையும் தம்பியையும் படிப்பித்தார். 2017 இல் உயர்தரம் எழுதினேன். 2019 தொடக்கத்தில் தெற்கே உள்ள ஒரு பொறியியல் பீடத்துக்குப் போனேன்.

உயர்தரம் வரை இணைந்த கணிதமும் பௌதிகவியலும் தமிழில்தான் படித்தேன். பீடத்தில் எல்லாம் ஆங்கிலம். தமிழ்ப் பிரதேசத்தில் உள்ள பீடம் என்றால் தமிழில் படிக்கலாம் என்று சில தாய்மார் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2014 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்திலும் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கிறார்கள். எங்களுக்குத் 'திருப்பம்' என்று படிப்பித்தது அங்கே 'மோமன்ட்'. 'உந்தம்' என்பது 'மொமென்டம்'. விரிவுரையாளர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகையில் எது எது என்று பிரிப்பதற்குள் கரும்பலகை அழிந்துவிடும். முதல் அரையாண்டுப் பெறுபேறு வந்தபோது கணிதத்திலும் கணினி நிரல் எழுதும் பாடத்திலும் நான் சித்தியடையவில்லை. உயர்தரத்தில் கணிதத்துக்கு 'ஏ' எடுத்த பிள்ளை நான்.

பொறியியலில் முதலாம் ஆண்டுக் கணிதம் தனியாக நிற்கிற பாடம் அல்ல. பாலம் கட்டுவது, நீர்க் குழாய் போடுவது, மின்சாரம் கொண்டுபோவது என்று பின்னால் வரும் எல்லாம் அந்தக் கணிதத்தின் மேலேதான் ஏறி நிற்கும். இதிலேயே விழுந்தால் மிச்ச மூன்று வருடமும் எப்படி என்று பயம் வந்தது. நித்திரை போய்விட்டது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். வீட்டுக்கு வந்தேன், திரும்பிப் போவதில்லை என்ற முடிவோடு. ஊரில் ஆளுக்கொரு கதை. "ரியூசன் குடுத்தாலே மாதம் ஒரு தொகை வருமே பிள்ளை" என்றார் ஒரு மாமி. ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார் இன்னொருவர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களுக்கு அப்போது வாரக் கடன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பின்னேரம் மா அரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்: "உனக்கு விளங்கேல்லையோ, பிடிக்கேல்லையோ?"

அம்மா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. என்னிடம் உடனே பதிலும் இருக்கவில்லை.

சித்தியடையாத பாடங்களின் வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். கணிதத்தில் பாதிக்கு மேல் என்னால் செய்ய முடிந்தது. ஆக, அங்கே இடறியது கணிதம் அல்ல, மொழி. நிரல் எழுதுவது அப்படி இல்லை. தமிழிலும் விளங்கவில்லை. அதற்கு முன் கணினியைத் தொட்டதே இல்லை என்பதால் அது பழக்கமின்மை. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒரு கொப்பியை இரண்டாகக் கோடு போட்டு, ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதத் தொடங்கினேன். நிரல் எழுதப் பழக்கியவர் விடுதியில் என்னோடு இருந்த சிங்களத் தோழி. இரவில் தொலைபேசியில், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில்தான் அந்தப் படிப்பு நடந்தது.

பிடிக்கிறதா என்ற கேள்விக்கு விடை வேறு இடத்தில் கிடைத்தது. 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. கூலி மிச்சம் பிடிக்க நாங்களே கல்லரிந்து, மேசனுக்குக் கையாளாக நின்றோம். கல்லுக்கும் கொங்கிறீற்றுக்கும் காலையும் மாலையும் தண்ணீர் விடுவது என் வேலை. காய வேண்டிய பொருளுக்கு ஏன் தண்ணீர் என்று கேட்டால் மேசன் அண்ணை, "சொன்னதைச் செய் பிள்ளை" என்பார். கட்டடப் பொருட்கள் பற்றிய பாடத்தில்தான் அது புரிந்தது. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து மாற்றம் அடைந்துதான் இறுகுகிறது. ஈரம் போனால் அந்த மாற்றம் நின்றுவிடும். ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும். 28 ஆம் நாள் பலத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இதைப் படித்த அன்று எழுந்து போய் எங்கள் வீட்டு யன்னலுக்கு மேலே வெடித்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். இடையில் இரண்டு நாள் கிணற்றில் வாளி இல்லாமல் போனது ஞாபகம் வந்தது. இந்தப் படிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

எல்லோரும் தாக்குப்பிடித்து இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு படித்த ஒரு தங்கை இரண்டாம் ஆண்டில் விலகினாள். அவளுக்குப் பாடம் நன்றாகவே விளங்கியது, பெறுபேறும் என்னுடையதை விட மேல். பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அறிவியல் நகரிலேயே உள்ள ஜெர்மன் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து கைத்தொழில் பழகினாள். தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். அவள் படிப்பை விட்டவள் அல்ல, வழி மாறியவள். ஊர் இதை ஒத்துக்கொள்ளக் கொஞ்சக் காலம் எடுத்தது. அவளைவிட அவள் தாய்தான் அதிகம் பேச்சு வாங்கினார்.

நான் பீடத்துக்குத் திரும்பி, விட்ட இரண்டு பாடங்களையும் மறுபடி எழுதினேன். திரும்ப எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சாதாரண சித்திதான் தருவார்கள். அதனால் எனக்கு வகுப்புச் சித்தி கிடைக்கவில்லை. 2022 இல் மின்வெட்டு, எரிபொருள் வரிசை. குப்பி விளக்குக்கும் மண்ணெண்ணெய் இல்லை. அந்த வருடம் எப்படிப் போனதென்று இப்போதும் தெரியாது. வாரக் கடனை அம்மா என் முதல் சம்பளத்துக்கு முன்னமே கட்டி முடித்திருந்தார்.

தாய்மாருக்கு ஒன்று. பிள்ளை அழுதால் உடனே 'வா' என்றும் சொல்லாதீர்கள், 'வராதே' என்றும் சொல்லாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, நித்திரை கொள்கிறாளா என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு பீடத்திலும் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சந்திக்கச் சொல்லுங்கள். சுகவீனம் என்றால் விலகாமல் படிப்பை ஒத்திவைக்க வழி உண்டு, வைத்தியச் சான்றிதழை உரிய நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஒருமுறை பதிந்து விலகியவர் மீண்டும் அரச பல்கலைக்கழகம் ஒன்றுக்குள் நுழைவது சுலபம் அல்ல. விலகல் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒருமுறை வாசியுங்கள். அது தமிழிலும் வருகிறது.