பேசிக்கொண்டே ஓடுங்கள்!

உத்திரமேரூர் என்றதும் குடவோலைதான் நினைவுக்கு வரும். பராந்தக சோழன் காலத்தில், 921-ம் ஆண்டில் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஊர்ச் சபைக்கு வருகிறவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த நிலமும் வீடும் படிப்பும் வேண்டும். இப்படியெல்லாம் அதில் கண்டிருக்கிறது. ஓடிக் காட்ட வேண்டும் என்று மட்டும் இல்லை!

இந்தக் காலத்து இளைஞனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாடு போலீசில் காவலர் வேலைக்கு வரும் ஆண்கள், அண்மை ஆண்டுகளின் விதிப்படி, 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வில் எத்தனை மார்க் வாங்கியிருந்தாலும் சரி, இதில் தவறினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே கிராமத்துப் பிள்ளைகள் பொழுது விடியுமுன் ஏரிக்கரையில் ஓடுகிறார்கள். தினமும் தலைதெறிக்க ஓடினால் என்ன ஆகும்? முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். பிறகு ஓட்டமே நின்றுவிடும்.

செருப்புத் தொழிலாளி சொன்ன வழி

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஓட்டம் கற்றுக்கொடுப்பதிலும் வல்லவர். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் நெடுந்தூரம் ஓடச் சொன்னார். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில், ஒரே நாளில் அவருடைய சீடர்கள் இருவர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரில் வென்றார். மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் வென்றார்.

மெதுவாக ஓடினால் வேகம் எப்படி வரும்? இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் நாளடைவில் கூடுகிறது. தசைக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. பழைய வேகத்துக்கு மூச்சு வாங்குவது குறைகிறது. ஆனால் இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

சரியான வேகம் எது? ஓடும்போது ஊர்க்கதை பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடிந்தால் வேகம் போதாது. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் இப்படி ஓடலாம். ஓரிரு நாள் மட்டும் விரைந்து ஓடலாம்.

கயிறும் கடிகாரமும்

விரைந்து ஓடும் நாளுக்குக் கணக்கு வேண்டும். 20 மீட்டர் கயிற்றை 20 தடவை போட்டு அளந்தால் 400 மீட்டர். அதை 1 நிமிடம் 50 விநாடியில் ஓடிப் பழக வேண்டும். அதே வேகத்தில் 1500 மீட்டரும் ஓடினால் 6 நிமிடம் 53 விநாடிக்குள் முடிந்துவிடும்.

தேர்வு நாளில்தான் ஆபத்து. விசில் ஊதியதும் எல்லாரும் பாய்வார்கள். நாமும் பாயத் தோன்றும். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் மாரத்தானில், பேர்பெற்ற ஜிம் பீட்டர்ஸ் அப்படித்தான் ஆரம்பத்தில் விரைந்தார். அதற்கு முன் மாரத்தானே ஓடியறியாத எமில் ஜடோபெக், வேகம் அதிகமோ என்று அவரிடமே கேட்டார். போதாது என்றார் பீட்டர்ஸ். ஜடோபெக் முன்னே போய்த் தங்கம் வென்றார். பீட்டர்ஸ் பந்தயத்தை முடிக்கவே இல்லை.