குளிர்காலமும் சோயா மொச்சைத் துரு நோயும்

சோயா மொச்சையைத் தாக்கும் ஆசியத் துரு நோய், ஐக்கிய அமெரிக்காவின் பெருநிலத்தில் முதன்முதலாக 2004-ஆம் ஆண்டு நவம்பரில் லூயிசியானா மாநிலத்தில் காணப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் வீசிய ஐவன் என்னும் சூறாவளி தென் அமெரிக்காவிலிருந்து நோயின் வித்துக்களைச் சுமந்து வந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்தாகும். நாடெங்கும் பெருஞ்சேதம் விளையுமென அப்போது அஞ்சப்பட்டது. ஆனால் சோயா மிகுதியாக விளையும் அயோவா, இல்லினாய் முதலிய வட மாநிலங்களில் அவ்வச்சம் மெய்ப்படவில்லை. மருந்துத் தெளிப்பைக் காட்டிலும் குளிர்காலமே அதற்கு முக்கிய காரணம் எனலாம்.

இந்நோயை உண்டாக்கும் பூஞ்சணம் உயிருள்ள பச்சை இலையிலேயே வாழவல்லது; காய்ந்த சருகில் அது நிலைப்பதில்லை. உறைபனியால் இலைகள் கருகிய இடத்தில் நோயும் அற்றுப்போகிறது. ஆகவே ஆண்டுதோறும் அது மெக்சிகோ வளைகுடாவை அடுத்த, உறைபனி அரிதான பகுதிகளுக்குப் பின்வாங்குகிறது. அங்கே அதற்குப் புகலிடம் தருவது குட்ஸு என்னும் கொடி. மண்ணரிப்பைத் தடுக்கவென்று 1930-களில் அரசாங்கமே ஊக்குவித்து நடச்செய்த கொடி இது! கடும்பனியில் இலைகள் மடிந்தாலும் இதன் வேர் பிழைத்திருக்கும். வேரினால் பூஞ்சணத்துக்குப் பயனில்லை. எனினும் சுவரோரத்திலும் பாலத்தடியிலும் பனிபடாமல் பசுமையாக நிற்கும் சில இலைகள் அதற்குப் போதும்.

வசந்தத்திற்குப் பின் அவ்விலைகளிலிருந்து எழும் வித்துக்கள் காற்றோடு வடக்கே செல்கின்றன. இலை ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஈரமாயிருந்து, வெப்பமும் மிதமாயிருந்தால் நோய் தொற்றுகிறது. குளிர் கடுமையாயிருந்த ஆண்டில் வித்துக்கள் புறப்படும் எல்லை தெற்கே தள்ளிப்போவதால், அவை வடக்கே வந்து சேர்வதற்குள் பயிர் பெரும்பாலும் முற்றிவிடும். குளிர் லேசாயிருப்பின் அந்த அவகாசம் குறைகிறது. எனவே, குட்ஸு இலைகளின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்து நடத்தும் கணக்கெடுப்பு, மருந்துக்குப் பணம் செலவிடுவதா வேண்டாமா என்று விவசாயி முடிவு செய்யத் துணைபுரிகிறது.

எல்லாப் பகைகளுக்கும் இக்கணக்குப் பொருந்தாது. சோயா வேரைத் தாக்கும் நூற்புழுவின் முட்டைக்கூடுகள் மினசோட்டாவின் கடுங்குளிரிலும் மண்ணில் பல்லாண்டு அழியாதிருக்கின்றன.

பிரேசிலின் சோயாப் பிரதேசங்கள் பலவற்றில் உறைபனியின் உதவி கிடையாது. ஆதலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் 2006 முதல், ஆண்டில் குறிப்பிட்ட காலம் வயல்களில் உயிருள்ள சோயாச் செடி எதுவும் இருத்தலாகாதென விதி செய்யப்பட்டது. அறுவடையில் சிந்திய மணியிலிருந்து தானே முளைத்த செடியையும் விவசாயி தம் செலவிலேயே அழித்தாக வேண்டும்.