புதிய பதிப்பு போட்டதும் பில் தாமதமா?

கணிப்பொறியில் பில் போடாத மொத்தக் கடை இன்று அரிது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு மளிகைக் கடைகளிலும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் அது இடம் பிடித்துவிட்டது. மென்பொருள்காரர்கள் அவ்வப்போது புதிய பதிப்பை ஏற்றித் தருகிறார்கள். சில கடைகளில் மறுநாளே பில் ஆமை வேகத்தில் வருகிறது. வாடிக்கையாளர் நிற்கிறார், லாரி நிற்கிறது, பண்டிகை நேரமானால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று நாம் அறிந்ததை வணிக நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் மண்டியிலும் இது நேர்ந்தது. ஒரு பார்ட்டியின் பாக்கியைப் பார்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பார்க்க வந்தவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கணிப்பொறிக்குக் கூடுதல் மெமரி வாங்குவது. மற்றொன்று, பழைய ஆண்டுகளின் பில்களை அழித்துவிடுவது. நாங்கள் இரண்டுக்கும் உடன்படவில்லை. விவரம் தெரிந்த வேறொருவரை அழைத்துக் காட்டினோம். பைசா செலவில் புதுப்பொருள் எதுவும் வாங்காமல் அன்று மாலையே சரியாயிற்று.

காரணம் இதுதான். பில், சரக்கு, பாக்கி எல்லாம் 'டேட்டாபேஸ்' என்னும் பெரிய பேரேட்டில் இருக்கின்றன. எந்தப் பக்கம் எவ்வளவு பதிவு உள்ளது என்று அது தனக்குத் தானே ஒரு புள்ளிவிவரம் வைத்திருக்கும். அதைக் கொண்டுதான் எந்த வழியாகத் தேடினால் விரைவு என்று முடிவு செய்யும். அனுபவமுள்ள கணக்குப்பிள்ளை நேரே உரிய பக்கத்தைப் புரட்டுவார். புதிதாக வந்தவர் முதல் பக்கத்திலிருந்து தேடுவார். பேரேடு ஒன்றுதான், ஆள்தான் வேறு. பதிப்பு மாறும்போது நடப்பதும் இதுவே.

போஸ்ட்கிரஸ் என்னும் டேட்டாபேஸில் 'பிஜி அப்கிரேடு' முறையில் பதிப்பை மாற்றினால், 2025-இல் வந்த 18-ஆம் பதிப்புக்கு முன்பெல்லாம் இந்தப் புள்ளிவிவரம் கூடவே வராது. 'அனலைஸ்' என்ற கட்டளையைக் கொடுத்துப் புதிதாக எடுக்க வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வரில் 2014 பதிப்பிலிருந்து கணிக்கும் முறையே மாறிற்று. பெரும்பாலான தேடல்களுக்கு அது நன்மை, சிலவற்றுக்குத் தாமதம். அதில் புள்ளிவிவரத்தைப் புதுப்பித்தும் சரியாகாவிட்டால், 'கம்பாட்டிபிலிட்டி லெவல்' என்பதைப் பழைய பதிப்பின் அளவிலேயே வைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

மெமரி வாங்குமுன் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல பில்லிங் மென்பொருள்கள் இலவச எக்ஸ்பிரஸ் வகை எஸ்.க்யூ.எல். சர்வரில் ஓடுகின்றன. 2016 முதல் 2022 வரையிலான எக்ஸ்பிரஸ் பதிப்புகள் டேட்டாவை வைத்துக்கொள்ள 1,410 எம்.பி. மெமரிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. கணிப்பொறியில் 32 ஜி.பி. போட்டாலும் அதற்குப் பயன்படாது. டேட்டாபேஸின் அளவும் 10 ஜி.பி.யைத் தாண்ட முடியாது; தாண்டும் நிலை வந்தால் புதிய பதிவு ஏறாது. எனவே எந்த வகை, எத்தனை ஜி.பி. ஆகியுள்ளது என்று முதலில் கேளுங்கள்.

பழைய பில்களை அழிப்பது அதனினும் கேடு. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். வேகத்துக்காக அழித்துவிட்டு, அதிகாரி கேட்கும்போது கைபிசைந்து நிற்பது வணிகருக்கு அழகல்ல.

ஆளை அழைக்குமுன் நாமே பார்க்கக் கூடியவை:

1. எல்லாக் கணிப்பொறியிலும் தாமதமா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தப் பெட்டியையோ கேபிளையோ பாருங்கள்.

2. எல்லா வேலையும் தாமதமா, பாக்கி பார்ப்பது, ஸ்டாக் பார்ப்பது போன்ற சில மட்டுமா? சில மட்டும் என்றால் புள்ளிவிவரம், தேடும் வழி ஆகியவற்றின் மீதே முதல் சந்தேகம்.

3. எந்த நேரத்தில் தாமதம்? பேக்கப் எடுப்பதும் வைரஸ் சோதனையும் வியாபார நேரத்தில் ஓடுகின்றனவா?

4. எந்தத் திரை, எத்தனை விநாடி என்று ஒரு நோட்டில் குறியுங்கள். "ஸ்லோவாக இருக்கிறது" என்பதைவிட இந்தக் குறிப்பு ஆயிரம் மடங்கு பயன் தரும்.

பதிப்பை மாற்றும் முன்பும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். தீபாவளி, பொங்கல் சீசனிலும், கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்திலும் மாற்றவே கூடாது. மாற்றுமுன் முழு பேக்கப் எடுத்துத் தனி டிஸ்க்கில் பூட்டி வையுங்கள். எஸ்.க்யூ.எல். சர்வரில் புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது. எனவே திரும்பிப் போகும் வழி அந்தப் பழைய பேக்கப் ஒன்றுதான். முடிந்தால் வேறொரு கணிப்பொறியில் நகல் ஏற்றி, நான்கைந்து பில் போட்டுப் பார்த்த பிறகே கடையில் மாற்றச் சொல்லுங்கள்.

புதிய பதிப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எஸ்.க்யூ.எல். சர்வர் 2014-க்குத் தயாரிப்பாளரின் வழக்கமான ஆதரவு 2024 ஜூலையில் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட பழையதில் தொடர்வது பூட்டில்லாத கிட்டங்கியில் சரக்கு வைப்பது போன்றது. மாற்றத்தான் வேண்டும். சரக்கு வாங்கும்போது மூட்டையைக் குத்தி மாதிரி பார்த்துத்தானே எடை போடுகிறோம்? மென்பொருளையும் அவ்வாறே பார்த்து வாங்குவோம்.